ஓய்வின்ப இலக்கணம்: மூலமும் உரையும்

பாயிரம்

நூல் என்றால் பாயிரம் வேண்டும். பாயிரம் என்றால் அதில் எட்டுச் செய்தி வேண்டும் என்பது நன்னூல் வழி. அவ்வெட்டும் வருமாறு.

ஆக்கியோன் பெயர் வேண்டா. பெயருக்குப் பின்னால் பதவியும், பதவிக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'ஓய்வு' என்ற சொல்லும் உடையவர் என்று அறிந்தால் போதும். கல்யாணப் பத்திரிகையில் அந்த அடைப்புக்குறி விட்டுப்போனால் உள்ளூர மகிழ்பவர். பதவியே விட்டுப்போனால் பந்தியில் உட்கார மறுப்பவர்.

வழி: 1982 டிசம்பர் 17 அன்று டி.எஸ். நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. ஓய்வூதியம் அரசு மனமிரங்கித் தரும் கொடையன்று, உழைத்தவரின் உரிமை என்று ஐந்து நீதிபதிகள் அமர்ந்து சொன்ன நாள் அது. அந்நாளே இன்று ஓய்வூதியர் நாள். இன்பத்தைப் பற்றிய நூல்களில் ஒரு தீர்ப்பை முதனூலாகக் கொண்டது இது ஒன்றே.

எல்லை: வடக்கும் மேற்கும் தாமிரபரணி, தெற்கே பெருமாள்புரம் என்.ஜி.ஓ. காலனி, கிழக்கே கே.டி.சி. நகர். அதாவது பாளையங்கோட்டை. பள்ளியும் கல்லூரியும் அரசு அலுவலகமும் மலிந்த ஊர். ஆகவே ஓய்வு பெற்றோரும் மலிந்த ஊர். 1843-இல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டி அப்பால் போனால் திருநெல்வேலி டவுண். அங்கே கடைக்காரர் மிகுதி. கடைக்காரர் ஓய்வு பெறுவதில்லை. கல்லாவை மகனிடம் கொடுத்துவிட்டுக் கல்லாவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். அவர் இந்நூலுக்குப் புறம்பானவர்.

நூற்பெயர் மேலே உள்ளது. யாப்பு, நூற்பாவும் உரையும். நுதலிய பொருள், எளிய இன்பங்கள். வெளிநாட்டுச் சுற்றுலாவும் பங்குச் சந்தையும் விலக்கப்பட்டன. கேட்போர் மூவகையர்: ஓய்வு பெற்றோர், பெறவிருப்போர், அவர்களோடு ஒரே வீட்டில் இருக்க நேர்ந்தோர். பயன், மூன்றாம் வகையினர்க்குப் பொறுமை.

1. பெயரியல்

மாத இறுதியில் மாலை வாங்கி
மறுநாட் காலை மணிபா ராமல்
எழுவோர் ஓய்ந்தோர் எனப்படு வோரே.

இந்நூற்பா என்நுதலிற்றோ எனின், இவ்விலக்கணம் யாருக்கு உரியது என்பது உணர்த்துதல் நுதலிற்று.

'மாத இறுதி' என்றது, எந்தத் தேதியில் பிறந்தாலும் பிறந்த மாதத்தின் கடைசி நாளில்தான் ஓய்வு என்ற விதி நோக்கி. ஒன்றாம் தேதி பிறந்தவர் மட்டும் முந்தைய மாதத்தின் கடைசி நாளிலேயே வெளியேற வேண்டும். ஒரு நாள் முன்னால் பிறந்ததுபோல் அரசு அவரைக் கருதிக்கொள்ளும். பள்ளியில் சேர்க்கும்போது வாய்க்கு வந்த தேதியைச் சொன்ன தகப்பனாரை மகன் நன்றியோடோ மனத்தாங்கலோடோ நினைப்பது பெரும்பாலும் அந்த மாதத்தில்தான்.

எத்தனை வயதில் எனின், தமிழ்நாட்டு அரசு ஊழியர்க்கு 58 என்றிருந்தது; 2020 மே மாதம் 59 ஆயிற்று; 2021 பிப்ரவரியில் 60 ஆயிற்று. 2020 மே 31 அன்று விடைபெற இருந்தவர்க்குச் சொல்லிவைத்த மாலையை இருமுறை வேண்டாமென்று சொல்ல நேர்ந்தது. அவர் பெற்றது இரண்டாண்டுச் சம்பளமா, இழந்தது இரண்டாண்டு இன்பமா என்பதில் உரையாசிரியர்கள் உடன்படவில்லை.

ஓய்ந்தோரின் பருவம் நான்கு. இதைப் புலவர் வகுக்க வேண்டியதில்லை, கருவூலமே வகுத்துவிட்டது.

முதலாவது பசும்பருவம். ஓய்வுக்குப் பின் ஓராண்டு. காலை ஒன்பது மணிக்குச் சட்டையைப் பேண்ட்டுக்குள் விட்டுக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் நிற்பது இதன் அறிகுறி. பழைய அலுவலகத்துக்குச் 'சும்மா' போவதும், தம் நாற்காலியில் இன்னொருவர் சரியாகப் பொருந்தியிருப்பதைக் கண்டு டீ மட்டும் குடித்துத் திரும்புவதும் இப்பருவத்தின் ஒழுக்கம்.

இரண்டாவது பிடித்தப்பருவம். ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை 'கம்யூட்டேஷன்' என்று மொத்தமாக வாங்கியவர்க்கு 15 ஆண்டு மாதந்தோறும் பிடித்தம் உண்டு. அதன்பின் முழுத்தொகை மீளும். பதினைந்தாம் ஆண்டின் இறுதியை நோக்கி ஒருவர் உடம்பைக் காக்கும் கவனத்தை மருத்துவர்கள் வேறு எதற்கும் அவரிடம் கண்டதில்லை.

மூன்றாவது ஏறுபருவம். மத்திய அரசின் விதிப்படி 80 வயதில் ஓய்வூதியம் 20 சதவீதம் கூடும், 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50. நான்காவது நிறைபருவம்: 100 வயதில் நூறு சதவீதம், அதாவது இரட்டிப்பு. 'நூறாண்டு வாழ்க' என்ற வாழ்த்துக்குத் தொகை குறித்த நூல் உலகில் ஓய்வூதிய விதி ஒன்றுதான்.

இனி வகைமை.

விடுபாடு ஈடுபாடு தலையீடு எனவே
படுமே ஓய்வின் இன்பம் மூன்றே.

எதிலிருந்தோ நீங்குவதால் வருவது விடுபாட்டின்பம். எதிலோ மூழ்குவதால் வருவது ஈடுபாட்டின்பம். பிறர் வேலைக்குள் புகுவதால் வருவது தலையீட்டின்பம். தூக்கமும் பேரப்பிள்ளையும் எங்கே அடங்கும் எனின், தூக்கம் முதலாவதிலும் பேரப்பிள்ளை மூன்றாவதிலும் அடங்கும். பேரப்பிள்ளையைப் பற்றிப் பிறர் மிக விரித்து உரைத்தனராதலின் ஈண்டு உரையாது விட்டாம்.

2. விடுபாட்டியல்

மெமோவும் தணிக்கையும் மேலவர் முகமும்
ஞாயிறு மாலை நடுக்கமும் இன்மை
விடுபாடு என்ப வெளிவந் தோரே.

'மெமோ' என்றது 17-பி. ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் பெருந்தண்டனைக்கு வாயிலாக நிற்பது. ஓய்வு பெறும் நாள் மாலை ஐந்தே முக்கால் வரை அது வந்துவிடுமோ என்று அலுவலக வாசலைப் பார்த்திருந்தவர், மறுநாள் தெருவில் தபால்காரரைக் கண்டு முதன்முறையாகச் சிரிக்கிறார். 'தணிக்கை' என்றது, 1994-இல் வாங்கிய இரண்டு மேசை விசிறிகளுள் ஒன்று எங்கே என்று கேட்கும் துறை. 'ஞாயிறு மாலை நடுக்கம்' ஆசிரியர்க்குச் சிறப்புரிமை: எழுதாத பாடக்குறிப்பும் திருத்தாத நோட்டுக் கட்டும் சேர்ந்து அடிவயிற்றில் உண்டாக்குவது. ஓய்வு பெற்ற பிறகும் சிலர்க்கு ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அடிவயிறு கலங்கும். பிறகு நினைவு வந்து தெளியும். அந்தத் தெளிவு பத்து நொடிதான் நிற்கும். ஆயினும் இவ்வகை இன்பத்துள் தலையாயது அதுவே.

அஃதேல், இன்மை எப்படி இன்பமாகும்? இல்லாத ஒன்றை நுகர்வது எப்படி? இது நுண்ணிய வினா. வருவாய்த் துறைக் கட்சியினர் இப்படிச் சொல்வர்: வேலை இல்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவன் மூன்று மாதம் மகிழலாம், அதன்பின் அந்த இன்மையும் பழகிப்போய், இல்லை என்பதே தெரியாமல் போய்விடும். இது பொருந்தும். எனவே விடுபாட்டின்பத்தை அவ்வப்போது புதுப்பிக்க ஒரு கருவி வேண்டும். அக்கருவி பிறருடைய அவசரம்.

காலை எட்டரை மணிக்கு மகாராஜநகரில் எந்தத் தெருவிலும் இதைக் காணலாம். கேட்டில் முழங்கையை ஊன்றி, கையில் காபி டம்ளரோடு ஒருவர் நிற்பார். எதிர் வீட்டு இளைஞர் ஒரு கையில் ஹெல்மெட்டும் மறு கையில் பிள்ளையின் புத்தகப்பையுமாக வண்டியை உதைத்துக்கொண்டிருப்பார். வண்டி கிளம்பாது. இவர் பார்த்துக்கொண்டே ஒரு வாய் காபி குடிப்பார். இதில் தீய எண்ணம் சிறிதும் இல்லை. வண்டி கிளம்பிவிட்டால் உண்மையாகவே மகிழ்வார். ஆனால் அந்தக் காபி உள்ளே கூடத்தில் குடித்தால் இந்தச் சுவை வராது என்பதை அவர் அறிவார்.

விடுபாட்டின்பத்துள் காலம்பற்றி வருவனவும் உண்டு. குற்றாலத்தில் சாரல் விழும் ஜூன் முதல் ஆகஸ்டு வரை சனி, ஞாயிறுகளில் அருவிக்கரையில் தலைகள்தாம் தெரியும். ஓய்ந்தோர் செவ்வாய்க்கிழமை போவர். தண்ணீர் அதே தண்ணீர். செவ்வாய்க்கிழமை என்பதுதான் இன்பம். குறுக்குத்துறைப் படித்துறையிலும் அப்படியே. வேலையில் இருந்த காலத்தில் நாலு முங்கு போட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடியவர், இப்போது துண்டைத் துவைக்கிறார், அலசுகிறார், பிழிகிறார், பிழிந்ததை மீண்டும் அலசுகிறார்.

இறந்துபட்ட இன்பம் ஒன்றும் இவ்வியலில் சொல்லப்பட வேண்டும். ரயில் கட்டணத்தில் 60 வயது ஆண்களுக்கு 40 சதவீதமும், 58 வயதுப் பெண்களுக்கு 50 சதவீதமும் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில், நோய்க்காலத்தில், அது நிறுத்தப்பட்டது. நெல்லை எக்ஸ்பிரஸில் கீழ்ப் படுக்கை வாங்கிக்கொண்டு, எதிரே முழுக்கட்டணம் கொடுத்து மேல் படுக்கையில் ஏறுகிறவரைக் கருணையோடு பார்த்த அந்த ஓரிரவு இன்பம் இப்போது ஏட்டளவில் உள்ளது.

3. ஈடுபாட்டியல்

சிறியன பெரியன வாகச் செய்தலும்
ஒருவினை ஒருநாள் ஆகச் செய்தலும்
ஈடு பாட்டின் இலக்கணம் ஆகும்.

இந்நூலின் உயிர்நிலை இவ்வியல். இதனுள் வருவன ஐந்து: பத்திரிகை, சந்தை, பழுது, கணக்கு, சான்று.

பத்திரிகை. வேலையில் இருந்தவரை பத்திரிகை மேய்வதற்கு உரியது; ஓய்வுக்குப் பின் ஓதுவதற்கு உரியது. ஓதும் முறை முதற்பக்கத்தில் தொடங்காது. இரங்கல் விளம்பரமே முதல். அதில் பார்க்க வேண்டியது வயது. தம்மினும் மூத்தவர் என்றால் ஒரு தலையசைப்பு. ஒத்த வயதினர் என்றால் ஊரும் துறையும் பார்க்கப்படும். இளையவர் என்றால் அன்று மாலை வ.உ.சி. மைதானத்தில் கூடுதலாக ஒரு சுற்று. அதன்பின் தங்கம் விலை; வாங்குவதற்கன்று, வாங்காமல் விட்ட ஆண்டுகளை எண்ணுவதற்கு. அதன்பின் தலையங்கம், குறுக்கெழுத்து, இறுதியாகச் செய்தி.

வீட்டில் ஓதுவது இல்லறம். மாவட்ட மைய நூலகத்தில் ஓதுவது துறவறம். அங்கே ஒரு பத்திரிகை நான்கு தாளாகப் பிரிந்து நான்கு பேரிடம் இருக்கும். நடுப்பக்கத்துக்குக் காத்திருப்பவர் கேட்கமாட்டார், செருமுவார். முதற் செருமலுக்கு வைத்திருப்பவர் அசையார். இரண்டாவதற்கு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்வார். மூன்றாவதற்கு, அப்போதுதான் படித்து முடித்தவர்போல, தாளை மடித்து நீட்டுவார். இந்த நெறியை எந்த நூலகப் பலகையிலும் எழுதவில்லை, மீறியவரும் இல்லை.

சந்தை. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தையைத் தொடங்கியபோது, உழவர்க்கு நேரடி விற்பனை, நகரத்தார்க்கு நியாய விலை என்ற இரு பயனையே அரசு கருதியது. மூன்றாவது பயன் தானாக விளைந்தது: ஓய்ந்தோர்க்கு ஓர் அலுவலகம் கிடைத்தது. அன்றாடம் விலை எழுதும் பலகை உண்டு. நேற்றைய விலையோடு ஒப்பிடலாம். காலையில் போனால்தான் நல்ல காய். ஆகவே நேரத்துக்குப் போகும் கட்டாயம் உண்டு. தராசைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். ஆகவே மேற்பார்வை உண்டு. மகாராஜநகர் உழவர் சந்தையில் விடிந்து சிறிது நேரத்தில் கேட்கும் உரையாடலுக்கு ஒரு மாதிரி:

"அண்ணாச்சி, தடியங்கா என்ன வெல போட்டிருக்காவ?"

"நேத்தைக்கு உள்ளதுதான் வே. கத்தரிக்காதான் ரெண்டு ரூவா ஏறிட்டு."

"அப்ப நாளைக்குப் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி."

"நாளைக்கு எறங்கும்னு யாரு சொன்னா?"

"எறங்கலன்னா நாளன்னைக்கு."

இதில் யாரும் எதுவும் வாங்கவில்லை என்பது நோக்கத்தக்கது. இன்பம் நிறைவெய்தியது என்பதும் நோக்கத்தக்கது. மார்கழி, தை மாதங்களில் சிறுகிழங்கு வரும்போது மட்டும் இவ்விதி தளரும்; அப்போது கேட்காமலே இரண்டு கிலோ வாங்கப்படும். அதன் விளைவு புறனடையில் கூறப்படும்.

பழுது. சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றுவதை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். குழாய் ரிப்பேர்க்காரருக்கு இது பத்து நிமிட வேலை. ஓய்ந்தோர் இதைக் கோப்பாக நடத்துவர். முதல் நாள் கள ஆய்வு: குழாயடியில் குவளை வைத்து ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு சொட்டுகிறது என்று அளப்பது. இரண்டாம் நாள் இருப்புச் சரிபார்ப்பு: முப்பதாண்டு சேர்த்த திருகாணி, சாவி, அறுந்த ஒயர் அடங்கிய தகர டப்பாவைக் கூடத்தில் கொட்டுவது. அதில் அரை அங்குல வாஷர் இராது. ஆனால் 2006-இல் காணாமல் போன பீரோ சாவி கிடைக்கும். எனவே இரண்டாம் நாள் பீரோவுக்குப் போய்விடும். மூன்றாம் நாள் கொள்முதல்: பழைய வாஷரைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு மூன்று கடை ஏறி மூன்று விலைப்புள்ளி பெறுவது. நான்காம் நாள் நிறைவேற்றல். வீடு முழுவதும் தண்ணீர் நிறுத்தப்படும். ஐந்தாம் நாள் நிறைவு அறிக்கை: வந்தவர்க்கெல்லாம் குழாயைத் திறந்து மூடிக் காட்டுவது. குழாய் மீண்டும் சொட்டினால், அது வாஷரின் தரக்குறைவு. கோப்பு மீண்டும் திறக்கப்படும்.

நகைப்பதற்கு முன் ஒன்று உணர்க. பணிக்காலத்தில் இவர் கையில் ஒரு நாளில் நாற்பது கோப்பு போயிற்று. தொடக்கமும் முடிவும் ஒன்றாகக் கண்ட கோப்பு ஒன்றுமில்லை. யாரோ தொடங்கியதில் கையெழுத்திட்டு யாருக்கோ அனுப்பினார். ஒரு வேலையைத் தலையிலிருந்து கால்வரை தாமே பார்ப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. சொட்டு நின்ற குழாயை ஐந்து பேருக்குத் திறந்து காட்டுவதில் வியப்பென்ன?

கணக்கு. இது இருவகை: வந்த கணக்கு, வரவிருக்கும் கணக்கு. ஓய்வூதியம் வரவானது கைப்பேசிக்கு அதே நாளில் தெரிந்துவிடும். ஆனாலும் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய், இயந்திரத்துக்குள் நுழைத்து, அது தறதறவென்று அச்சடிப்பதைக் கேட்டு, எழுத்து மங்கலாக இருந்தால் மீண்டும் நுழைத்தால்தான் பணம் பணமாகும். வரவிருக்கும் கணக்கு என்பது டி.ஏ. எனும் அகவிலைப்படி. ஜனவரியிலும் ஜூலையிலும் உயர வேண்டியது. இதற்கு ஆதாரமான தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைத் தொகுப்பது சிம்லாவில் உள்ள தொழிலாளர் பணியகம். பாளையங்கோட்டைப் பூங்கா இருக்கையில் அமர்ந்து சிம்லாவின் எண்ணை மாதந்தோறும் பின்தொடர்பவர் உண்டு. பன்னிரண்டு மாதச் சராசரியை மனக்கணக்காகப் போட்டு, 'மூணு கெடைக்கும், நாலு கெடைக்கணும்' என்று அவர் சொன்னால், அமைச்சரவை முடிவு வருமுன் அதுவே முடிவு. 2020 ஜனவரி முதல் 18 மாதத்துக்கு மத்திய அரசு நிறுத்திவைத்த படியைப் பற்றிய பேச்சு இக்கணக்கியலின் நிலையான இணைப்பு. எந்தப் பேச்சும் ஓய்ந்துபோகும் நிலையில் 'அந்தப் பதினெட்டு மாசம்' என்றால் போதும். இன்னும் ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும்.

சான்று. ஆண்டுக்கொரு முறை தாம் உயிரோடிருப்பதை ஓய்வூதியர் மெய்ப்பிக்க வேண்டும்; இதற்கு நேர்காணல் என்று பெயர். காண்டல், கருதல், உரை என அளவை மூன்று என்பர் சைவ சித்தாந்த நூலார். கருவூலம் காண்டல் ஒன்றையே கொள்ளும். ஓய்வூதியம் கேட்டு மனு எழுதியிருக்கிறாரே, ஆகவே உயிரோடிருக்க வேண்டும் என்று கருதல் அளவையால் வாதிட்டால் செல்லாது. 2014 நவம்பரில் 'ஜீவன் பிரமாண்' என்ற மின்னணு வாழ்வுச்சான்று வந்தபின் விரல் வைத்தால் போதும் என்றாயிற்று. ஆனால் நாற்பதாண்டு சுண்ணக்கட்டி பிடித்த விரலில் ரேகை தேய்ந்திருக்கும். ஆள் எதிரே நிற்கிறார், ஆள் இல்லை என்கிறது இயந்திரம். பிறகு கண், அதற்கும் பிறகு முகம். இறுதியில் 'ஏற்கப்பட்டது' என்று வரும்போது ஏற்படும் இன்பத்துக்கு ஈடு வேறில்லை. உயிரோடிருப்பதற்கு எழுத்துமூலமான ஒப்புதல் வேறெந்தப் பருவத்தில் கிடைக்கிறது?

4. தலையீட்டியல்

கேளார்க்கு உரைத்தலும் கேட்டார்க்கு மிகையும்
தலையீடு என்ப தலைநரைத் தோரே.

கேட்காதவர்க்குச் சொல்வது ஒன்று. கேட்டவர்க்குக் கேட்டதற்கு மேல் சொல்வது மற்றொன்று. பெருமாள்புரத்துக்கு வழி கேட்டவரிடம் அது பெருமாள்புரம் ஆவதற்கு முன் எப்படி இருந்தது என்று தொடங்குவது இரண்டாவதற்கு எடுத்துக்காட்டு.

தலையீடு அவரவர் இருந்த துறைக்கேற்ப வேறுபடும். தமிழாசிரியர் (ஓய்வு) கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவரை உட்காரவைத்து, சிவப்புப் பேனா எடுத்து, ஒற்று விடுபட்ட இடங்களில் இட்டுத் திருப்பிக் கொடுப்பார். பத்திரிகை ஆயிரம் அச்சாகிவிட்டது என்பது அவருக்குப் பொருட்டன்று. மின்வாரியத்தார் (ஓய்வு) தெருவில் தரை பார்த்து நடப்பதில்லை. கம்பி பார்த்தே நடப்பார். வங்கியாளர் (ஓய்வு) கோயில் உண்டியல் எண்ணும் நாளில் அழைக்காமலே போய் அமர்வார். நோட்டுகளின் தலை ஒரே பக்கம் இருக்கும்வரை எழமாட்டார். நடத்துநர் (ஓய்வு) பஸ்ஸில் பயணியாகப் போகும்போதும் நிறுத்தத்தில் இரண்டு பேர் இறங்கியதும் 'போலாம்' என்று சொல்லிவிடுவார், ஓட்டுநரும் எடுத்துவிடுவார்.

துறை வேறுபாடின்றி எல்லார்க்கும் பொதுவானது குழி. தெருவில் குடிநீர்க் குழாய்க்கோ பாதாளச் சாக்கடைக்கோ ஜே.சி.பி. இயந்திரம் வந்து தோண்டத் தொடங்கினால், அரை மணி நேரத்தில் அதைச் சுற்றிக் கைகளைப் பின்னால் கட்டிய நால்வர் நிற்பர். வருவாய்த் துறை எல்லையைக் காட்டும். பொதுப்பணித் துறை ஆழத்தைச் சொல்லும். கல்வித் துறை ஓட்டுநரின் பெயரும் ஊரும் எந்தப் பள்ளியில் படித்தார் என்பதும் விசாரிக்கும். காவல் துறை மற்ற மூவரையும் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லும். அரசு இயந்திரம் ஒருங்கிணைந்து இயங்குவதை இந்த ஒரு குழியைச் சுற்றித்தான் காண முடியும்.

தலையீட்டின் உயர்நிலை மனு. 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் 10 ரூபாய்க் கட்டணத்தில் அரசு அலுவலகங்களை வினவ வழிவைத்தது. 30 நாளுக்குள் விடை வர வேண்டும். பணியிலிருந்தபோது இம்மனுக்களைக் கண்டு நடுங்கியவரே ஓய்வுக்குப்பின் இவற்றை எழுதத் தலைப்படுகிறார். எந்தக் கேள்விக்கு எந்தப் பிரிவைக் காட்டி மறுப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அந்தப் பிரிவை அடைத்துவிட்டே கேள்வியை அமைப்பார். திங்கட்கிழமை கொக்கிரகுளத்து ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மேசைக்கு அந்தப் பக்கம் முப்பதாண்டு உட்கார்ந்தவர் இப்போது இந்தப் பக்கம் வரிசையில் நிற்பார், கையில் மூன்று படிகளோடு. அவர் மனுவில் தேதி இருக்கும், பார்வை எண் இருக்கும், இணைப்புப் பட்டியல் இருக்கும். தெருவிளக்கு எரியாததைப் பற்றி இவ்வளவு செம்மையான ஆவணம் அந்த அலுவலகத்துக்குள் அன்று வேறு வந்திராது. விளக்கு எரிவதும் எரியாததும் பிறகு. ஒப்புகைச்சீட்டில் எண் கிடைத்துவிட்டதா என்பதே வினா.

ஒருசாரார் தலையீட்டை இன்பம் என்று ஒப்பாமல் நோய் என்பர். அவர் பெரும்பாலும் மருமக்கள். அற்றன்று, தெருவிளக்கு எரிந்த பின் அவ்வொளியில் அவர்களும் நடக்கின்றனராதலின்.

5. புறனடை

அடுப்பிற்கு ஓய்வூ தியமிலை ஆதலின்
எடுத்த இலக்கணம் இல்லாட்கு இயையா.

எந்த இலக்கணத்துக்கும் அடங்காதது உண்டு. அதைச் சொல்வது புறனடை.

சிறுகிழங்கு இரண்டு கிலோ வந்ததாகச் சந்தைப் பகுதியில் கூறினாம். அதைக் கோணியில் போட்டு மண் போகத் தேய்க்க வேண்டும், பிறகு ஒவ்வொன்றாகத் தோல் சுரண்ட வேண்டும், விரல் கறுக்கும். வாங்குவது ஓய்ந்தோர் இன்பம். சுரண்டுவது யார்? அவரும் ஓய்வு பெற்றவரே: முப்பத்துமூன்று ஆண்டு ஆசிரியை. அவருக்கும் மாலை போட்டார்கள், சந்தனம் தந்தார்கள். ஆனால் பள்ளி விட்டதே தவிர அடுப்பு விடவில்லை. மேலும் வீட்டில் இப்போது பதினோரு மணிக்கு ஒரு காபி, நாலு மணிக்கு ஒரு காபி என்று ஒருவர் முழுநேரமாக இருக்கிறார். குழாயின் பொருட்டு நான்காம் நாள் தண்ணீர் நிறுத்தப்பட்டபோது குழம்பு பாதியில் நின்றதும் அவர்க்கே. பத்திரிகை அவர் கைக்கு வரும்போது மணி இரண்டு. குறுக்கெழுத்து நிரப்பப்பட்டிருக்கும், பாதி தவறாக.

அஃதேல் அவர்க்கு இன்பமே இல்லையோ எனின், உண்டு. 7.40 பஸ்ஸைத் தவறவிட்டாலும் கவலையில்லை என்பது ஒன்று. காபியைச் சூடாகவே குடிப்பது ஒன்று. பணிக்காலத்தில் அது வாய்த்ததில்லை. மூன்றாவதும் தலையாயதும்: ஓய்வூதியர் சங்கத்தின் மாதக் கூட்டம். அது அவர் போவதற்கன்று, இவர் போவதற்கு. கேட் சாத்தப்படும் ஓசை கேட்ட பின் வீட்டில் இரண்டு மணி நேரம் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். இவ்வின்பம் ஒன்றிலிருந்து நீங்குவதால் வருவது ஆதலின், விடுபாட்டின்பத்துள் அடங்கும். நீங்குவது எது என்பதை நூலாசிரியர் கூறாது விடுகிறார். அவரும் அவ்வீட்டில் இருக்க வேண்டியவர்.

ஓய்வே வாய்க்காதவரும் புறனடைக்கு உரியர். பாளைக்கு அடுத்த மேலப்பாளையத்தில் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களின் விரல் எந்த மாத இறுதியிலும் நிற்பதில்லை. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் மாதம் 1,000 ரூபாய். தமிழ்நாட்டு அரசின் முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,200 ஆயிற்று. இத்தொகைகளில் விடுபாட்டின்பம் விளையாது. தமிழ்நாட்டு அரசுப் பணியிலும் 1-4-2003 முதல் சேர்ந்தவர்கள் பங்களிப்புத் திட்டத்தில் வைக்கப்பட்டனர். இந்நூல் கூறும் ஓய்ந்தோர் குலத்துக்குச் சேர்க்கை அன்றே நின்றது. ஐந்து நாள் செலவிட்டு வாஷர் மாற்றும் உரிமை, மாதம் பிறந்தால் பணம் வரும் என்ற உறுதியின்மேல் நிற்பது. அவ்வுறுதி இல்லாத வீட்டில் அதே குழாய் சொட்டினால் அது இன்பமன்று, செலவு. ஆகவே முதனூல் தீர்ப்பு என்று பாயிரத்தில் சொன்னது வேடிக்கைக்காக மட்டும் அன்று என்க.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து, ஓய்வின்பம் என்பது சும்மா இருத்தல் அன்று. சும்மா இருப்பவரை இந்நூலாசிரியர் பாளையங்கோட்டையில் கண்டதில்லை. கேட்பார் எவரும் இல்லாத வேலையை, கேட்பார் இருப்பதுபோல் ஒழுங்காகச் செய்வதே அது. மேலதிகாரி போய்விட்டார்; வேலை இருக்கிறது; இதைவிட நல்ல பணிநிலை முப்பதாண்டில் ஒருநாளும் வாய்த்ததில்லை.

இந்நூலுக்கு மறுப்பு எழுத விரும்புவோர் தாராளமாக எழுதலாம். தேதியிட்டு, நூற்பா எண் குறித்து, மூன்று படிகளில் இருத்தல் நலம். அவ்வாறு எழுதப்படும் மறுப்பு தலையீட்டின்பத்துள் அடங்குமாதலின், மறுத்தவழியும் இலக்கணம் வழுவாது.